சிலோன் ரேடியோ: அப்படி என்னதான் இருந்தது அதில்?

21 பிப்ரவரி 2024 | வாசகர் ஒருவரின் கேள்வி

இலங்கை வானொலியின் இந்தி அறிவிப்பாளர் அமீன் சயானி நேற்று காலமானார் என்ற செய்தி வந்ததிலிருந்து அப்பா, பெரியப்பா, வாட்சப் குழுவில் இருக்கிற அங்கிள்கள் எல்லாரும் இலங்கை வானொலி, இலங்கை வானொலி என்று உருகித் தள்ளுகிறார்கள். நான் 1994-ல் பிறந்தவன். எனக்கு ரேடியோ என்றால் காரில் வருகிற எஃப்எம்தான். தெரியாமல்தான் கேட்கிறேன்: அதே சினிமாப் பாட்டு, அதே பாடகர்கள். சென்னை வானொலியிலும் திருச்சி வானொலியிலும் அதுதானே வந்திருக்கும்? கடல் தாண்டி இன்னொரு நாட்டு ஸ்டேஷனை முள்ளைத் திருகித் திருகிக் கேட்க அப்படி என்ன இருந்தது? உங்கள் வாலிபத்தைத்தான் ரேடியோ என்று பெயர் மாற்றிச் சொல்கிறீர்களோ?

21 பிப்ரவரி, இரவு

இன்று புதன்கிழமை வேறு. புதன் இரவு எட்டு மணி என்றால் பினாகா கீத்மாலா, இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்திய இந்திப் பாட்டு வரிசை. மனுஷர் செவ்வாய்க்கிழமையே கிளம்பிவிட்டார்.

"திருச்சியிலும் அதுதானே வந்திருக்கும்" என்கிறீர்கள். வரவில்லை தம்பி. 1952-ல் பி. வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். 1962 வரை அவர்தான். ரேடியோ என்றால் சாஸ்திரிய சங்கீதம், சினிமாப் பாட்டு ஜனங்களின் காதைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. சினிமாப் பாட்டுக்கான நேரத்தை வெட்டினார். மிச்சம் போடுகிற பாட்டுக்கும் படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது, சொன்னால் விளம்பரமாகிவிடுமாம். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு, பாட்டே போடாதே என்று அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆர்மோனியத்தையே 1940-லிருந்து முப்பது வருஷம் உள்ளே விடாத ஸ்தாபனம் அது, சினிமாப் பாட்டு எம்மாத்திரம்.

கொழும்பில் அதற்குள் கடை விரித்தாகிவிட்டது. 1950 செப்டம்பரில் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது, கிளிஃபர்ட் டாட் என்ற ஆஸ்திரேலியர் பொறுப்பில். கொழும்புக்கு வடக்கே ஏக்கலயில் 100 கிலோவாட் சிற்றலை (ஷார்ட்வேவ்) டிரான்ஸ்மிட்டர் ஒன்று தயாராக நின்றது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியா முழுக்கப் பரவியிருந்த நேச நாட்டுப் பட்டாளத்துக்கென்று நிறுத்தியது. சண்டை முடிந்து 1949-ல் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பர்மா வரைக்கும் சிப்பாய்க்குக் கேட்க வேண்டும் என்று வைத்த மிஷின். மதுரைக்குக் கேட்காதா?

22 பிப்ரவரி, காலை

மேலே எழுதியது சரித்திரம். ஆனால் அது எங்கள் அப்பா தலைமுறைக்கான பதில். நான் பிறந்தது 1960-ல். விவிதபாரதி 1957 அக்டோபரிலேயே வந்துவிட்டது. நான் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்த எழுபதுகளில் நம் வானொலியிலும் சினிமாப் பாட்டு இருந்தது. தேன்கிண்ணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒலிச்சித்திரம் இருந்தது. அப்புறமும் நாங்கள் ஏன் அந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டு கிடந்தோம்? கேஸ்கரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கடைக்குப் போகிற நேரம். சாயங்காலம் வருகிறேன்.

22 பிப்ரவரி, இரவு

பட்டுக்கோட்டை எனக்கு. பள்ளிக்கூடம் விட்டால் ஒரு பாயின் தையல் கடையில் காஜா எடுக்கிற வேலை. சட்டைக்குப் பொத்தான் கட்டி, ஓட்டை சுற்றி நூல் கோர்க்க வேண்டும். கை ஓடும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு ஒரு மர்பி வால்வு ரேடியோ. பாய் அதற்கு மிச்சமாகிப்போன சூட்டிங் துணியில் ஒரு சட்டையே தைத்துப் போட்டிருந்தார். முள் ஓடுகிற கண்ணாடிக்கு மேல் ஒரு மடிப்பு, அதை மூட ஒரு பொத்தான், பொத்தானுக்குக் காஜா. கடையில் நான் எடுத்த முதல் காஜா அதுதான். கோணல். கடைசிவரை பாய் அதை மாற்றவில்லை, வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரிப்பார்.

வால்வு சூடேறிச் சத்தம் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அப்போது ரேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும், அதற்கு வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தால் வெட்டுத் துணி மூட்டை ரேடியோவின் மேல் ஏறிவிடும். மூட்டைக்குள்ளிருந்து பாட்டு வந்த நாளும் உண்டு, அதை எழுதினால் பாயின் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள்.

கொழும்பு எங்களுக்கு மீடியம் வேவிலேயே பக்கத்துத் தெரு மாதிரிக் கேட்கும். திருச்சி எங்களுக்கு மேற்கே வறண்ட தரையைத் தாண்டி வர வேண்டும். இலங்கைக்கும் எங்களுக்கும் நடுவே உப்புத் தண்ணீர். மீடியம் வேவ் அலை தரையை ஒட்டிப் போகிறது, உப்புத் தண்ணீர் மேல் அது தேயாமல் ரொம்ப தூரம் ஓடும். இந்த விஷயம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முள்ளை வைத்த இடத்தில் பாட்டு நின்றது.

23 பிப்ரவரி

சேலத்துக்காரருக்கு: உங்களுக்கு ராத்திரியில் மட்டும் கேட்டதற்குக் காரணம் உங்கள் செட் இல்லை. பகலில் மேலே வானத்தில் ஒரு படலம் மீடியம் வேவை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்தால் அந்தப் படலம் கரைந்துவிடும், அலை மேலே போய் முட்டித் திரும்பி உங்கள் ஊரில் இறங்கும். பகலில் கேட்க வேண்டுமானால் சிற்றலைதான். அதில் ஒரு வரி கேட்கும், ஒரு வரி முங்கிப்போகும்.

மேலே ஒருவர், இலங்கை வானொலியை எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்ட் உச்சியில் டிரான்சிஸ்டரில் கேட்டார்கள் என்று போட்டிருக்கிறார். இந்தக் கதை ரொம்ப நாளாக ஊர் சுற்றுகிறது. அவர்கள் ஏறியது 1953 மே மாதம். டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்ததே 1954 கடைசியில், அதுவும் அமெரிக்காவில். கீழே முகாமில் வால்வு செட் வைத்துக் கேட்டிருந்தால் அது வேறு விஷயம். அவர்களுக்கென்றே வானிலை அறிக்கையை ஆல் இந்தியா ரேடியோவும் பிபிசியும் வாசித்தன. அவர்கள் முள் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உச்சியில் இருந்தது கால் மணி நேரம், அதில் நேயர் விருப்பமா கேட்பார்கள்?

24 பிப்ரவரி

தெளிவாகக் கேட்டதுதான் காரணமா என்றால், அதுவும் முழுசாக இல்லை. தெளிவாகக் கேட்ட சிங்களச் சேவையை நாங்கள் கேட்கவில்லையே.

அறிவிப்பாளர்கள். இதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. நம் ஊர் வானொலியில் அறிவிப்பாளருக்குப் பெயரே கிடையாது. குரல் வரும், விஷயத்தைச் சொல்லும், போய்விடும். அங்கே ஒவ்வொருவருக்கும் பெயர், ஒவ்வொருவருக்கும் ஒரு நடை. எஸ். பி. மயில்வாகனம் அப்பா காலத்தவர். நான் சின்னப் பிள்ளையில் அவர் மயில் மேல் உட்கார்ந்துதான் பேசுவார் என்று நம்பினேன். என் காலம் என்றால் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம்.

கே. எஸ். ராஜா வாய் திறந்தால் நான் ஊசியை நிறுத்திவிடுவேன். அந்த வேகத்தில் ஒரு எழுத்துகூட உடையாது. அவருடைய திரைவிருந்து என்கிற பட விளம்பர நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்குத் தெரியும். இவர் ஒரு கேள்வி கேட்பார், படத்தின் வசனத் துண்டு ஒன்று பதில் சொல்லும். நடிகர் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். யாழ்ப்பாணம் வின்சர், ராஜா, கொழும்பு கெப்பிட்டல், செல்லமகால் என்று தியேட்டர் பெயர்களை அடுக்குவார். அந்தப் படத்தை நாங்கள் ஆறு மாசத்துக்கு முன்னாலேயே இங்கே பார்த்து முடித்திருப்போம். நன்றாக இல்லாத படம் என்றும் தெரியும். அப்புறமும் அவர் சொல்லச் சொல்ல, அடடா இந்தப் படத்தை விட்டுவிட்டோமே என்று இருக்கும். விளம்பரத்துக்கு வாய் பிளந்து நின்ற ஒரே காலம் அது.

அப்துல் ஹமீத் வேறு மாதிரி. நிதானம். ஒவ்வொரு சொல்லும் துடைத்து எடுத்து வைத்தது போல. பாட்டுக்குப் பாட்டு அவருடையது. உங்கள் வயசுக்காரர்கள் அதை சன் டிவியில் பார்த்திருப்பீர்கள், மூலம் இலங்கை வானொலி. தையல் கடையில் அதை நாங்கள் வேலையோடு வேலையாக விளையாடுவோம். பாய்க்கு 'ங' எழுத்து கொடுத்து மாட்டிவிடப் பார்த்தவன் ஒருவன், அன்றைக்கு அவனுக்கு டீ இல்லை.

ராஜேஸ்வரி சண்முகம் காலையில். பொங்கும் பூம்புனல். அந்த அம்மா வணக்கம் சொன்னால், நம் வீட்டு வாசலில் நின்று சொன்ன மாதிரி இருக்கும் என்று என் அம்மா சொல்வாள். பதிலுக்கு வணக்கம் என்றும் சொல்வாள், சத்தமாக, அடுப்படியிலிருந்து.

24 பிப்ரவரி, சேர்க்கை

ஒன்று விட்டுவிட்டேன். பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாம் சொல்வார்கள். யார் மெட்டு, யார் வரி என்று நாங்கள் அடித்துக்கொண்டதெல்லாம் இதில் பழகியதுதான். எங்கள் ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொண்ட கவிஞர் கல்யாணசுந்தரம் பெயரை ஊரில் எந்தச் சிலையடியிலும் நின்று நான் படிக்கவில்லை. கொழும்பிலிருந்து கேட்டுத்தான் படிந்தது. அவர் 1959-லேயே, முப்பது வயசு ஆகுமுன், இறந்துபோனவர். வாரத்துக்கு நாலு தடவை அவர் பெயர் வரும்போதெல்லாம் பாய் மிஷினை நிறுத்தி, "நம்மூரு" என்பார். மறுபடி மிதிப்பார்.

26 பிப்ரவரி

கேள்வி கேட்ட தம்பி, "எஃப்எம் ஆர்ஜேக்களும் பெயர் சொல்கிறார்கள், பேசுகிறார்கள், என்ன வித்தியாசம்" என்கிறார். நல்ல கேள்வி. பாதி நாள் யோசித்தேன்.

எஃப்எம் ஒரு ஊருக்குள் ஒலிக்கிறது. அந்த ஊர்க்காரன் அந்த ஊர்க்காரனோடு பேசுகிறான். சிலோன் ரேடியோவில் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்க்காரர்களை நான் தினமும் கேட்டேன். பிறந்தநாள் வாழ்த்து என்று ஒரு நிகழ்ச்சி. கொக்குவிலில் ஒரு வயசுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். அப்பா, அம்மா, அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா, சித்தி, சித்தப்பா, மாமா, மாமி, மச்சாள் என்று பட்டியல் போகும். கடைசியில் ஒரு பாட்டு. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இன்றைக்கு ஐம்பது வயசு ஆகியிருக்கும். மட்டக்களப்பு, மன்னார், நல்லூர், ஹட்டன், பதுளை, மாத்தளை எல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும். தஞ்சாவூர் ஜில்லாவின் தாலுகாக்களை வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்தும் ஏறவில்லை.

கடைக்கு ரவிக்கை தைக்க ஒரு அக்கா வருவார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவு. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைத் தாண்டி வந்தவர்கள். பிறந்ததே அங்கே, இங்கே யாரையும் தெரியாது. அளவு கொடுத்த பிறகும் அந்த அக்கா போக மாட்டார். பிறந்தநாள் வாழ்த்து முடிகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர் வந்தது. "எங்க லயத்துக்கு அடுத்த மலை" என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. பாய் அவரிடம் தையல் கூலி வாங்கினாரா என்று எனக்கு ஞாபகமில்லை, கேட்டுக்கொண்டே இருந்தது மட்டும் ஞாபகம்.

பாயின் அண்ணன் கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் பாய்க்கு அந்த ரேடியோ வெறும் பாட்டுப் பெட்டி இல்லை. வெள்ளம் என்றாலும் கலவரம் என்றாலும் முதலில் அதில்தான் காது போகும். ஆக தம்பி, எங்கள் கடையில் மட்டும் மூன்று பேர் மூன்று காரணத்துக்காக ஒரே முள்ளைக் கேட்டோம்.

27 பிப்ரவரி

டாப் 40 பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஜனங்களுக்கு அதிகம் பிடித்த நாற்பது பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிற அமெரிக்கச் சங்கதி அது. ஒமாகா ஊரில் டாட் ஸ்டோர்ஸ் என்பவர் ஐம்பதுகளின் தொடக்கத்தில் தன் ஸ்டேஷனில் இதைக் கொண்டுவந்தார். ஜனங்கள் ஜூக்பாக்ஸில் காசு போட்டுப் போட்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்பார்கள். நம் ஊரில் ஜூக்பாக்ஸ் ஏது. காசு போடுகிற இடத்தில் நமக்குத் தபால் அட்டை.

நேயர் வாக்கை எண்ணிப் பாட்டுகளை வரிசைப்படுத்திப் போடும் நாளில் கடையில் எனக்கு வேலை ஓடாது. வரிசையை நான் எழுதி வைப்பேன். எதில்? பாயின் அளவு நோட்டில். கைக்குக் கிடைத்த ஒரே நோட்டு. இடது பக்கம் "தோள் 17, மார்பு 38, கை 23", வலது பக்கம் "1, 2, 3" என்று பாட்டு. ஒருநாள் பாய் இல்லாதபோது கட்டர் அண்ணன் பக்கம் மாறிப் பார்த்துவிட்டார். கணக்குப் பிள்ளை ஒருவருடைய சட்டையின் கை, நாலாம் இடத்தில் இருந்த பாட்டின் அளவுக்கு வெட்டப்பட்டது. அப்புறம் அதைச் சிறுவர் சட்டையாக மாற்றி அவர் பையனுக்கே தைத்துக் கொடுத்தோம், கூலி இல்லாமல்.

தொடர்ந்து முதலிடத்தில் நின்ற பாட்டின் மேல் எனக்கு வெறுப்பு வந்துவிடும். இது இந்த ஏக்கக் கூட்டத்தில் யாரும் சொல்லாதது. கேட்டுக் கேட்டுச் சலித்த பாட்டுகள் ஏராளம். இன்றைக்கு அதே பாட்டைக் கேட்டால் கண் கலங்குகிறது. அதனால் கேள்வியில் சொன்ன "வாலிபத்துக்கு வேறு பெயர்" என்பதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். பாதிதான்.

27 பிப்ரவரி, இரவு

பினாகாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் புதன்கிழமை கோபித்துக்கொள்ளும்.

பாய் 1965 இந்தி எதிர்ப்பில் ஊர்வலம் போனவர். தார்ச் சட்டியோடு ரயில்வே ஸ்டேஷன் வரை போனேன் என்று சொல்வார். அவரே புதன் இரவு கடை சாத்திய பிறகும் விளக்கைக் குறைத்து வைத்து பினாகா கேட்பார். கேட்டால், "திணிச்சாத்தான்டா எதிர்ப்பு, நானா கேட்டா என்ன" என்பார். அமீன் சயானி பேசுவதில் ஒரு வார்த்தை புரியாது. எந்தப் பாட்டு மேலே ஏறியது, எது இறங்கியது என்பது மட்டும் குரலிலேயே தெரிந்துவிடும்.

நிகழ்ச்சி ஒலித்தது கொழும்பிலிருந்து, அவர் இருந்தது பம்பாயில். அங்கே பேசிப் பதிந்த டேப்பை விமானத்தில் அனுப்புவார்கள். 1952 டிசம்பர் 3-ல் தொடக்கம். அப்போது வரிசையெல்லாம் கிடையாது. ஏழு பாட்டு, நேயர்கள் வரிசைப்படுத்தி எழுத வேண்டும், சரியாகச் சொன்னால் 100 ரூபாய் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கு 9,000 கடிதம். ஒரே வருஷத்தில் வாரத்துக்கு 65,000 என்று ஏறியதாக அவரே சொல்லியிருக்கிறார். எண்ணி மாளாது என்று 1954-ல் போட்டியைக் கைவிட்டு, இசைத்தட்டுக் கடை விற்பனையையும் நேயர் மன்றங்களின் கருத்தையும் வைத்து வரிசைப்படுத்தத் தொடங்கினார்கள். கேஸ்கர் சட்டம் போட்ட அதே வருஷம் இது தொடங்கியதைப் பாருங்கள். பினாகா என்கிற பல் தேய்க்கிற பேஸ்ட் ஒரு அமைச்சரை ஜெயித்தது.

பல் என்றதும் ஞாபகம். எங்களுக்குத் தமிழில் கோபால் பல்பொடி. இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடுகளின் பெயரைச் சொல்லி வரும் அந்த விளம்பரம். மலிபன் பிஸ்கட், ராணி சந்தன சோப் எல்லாம் பட்டுக்கோட்டையில் எந்தக் கடையிலும் கிடையாது. பாயின் அண்ணன் ஊர் வந்தபோது ஒரு மலிபன் டின் கொண்டுவந்தார். பிஸ்கட் பிஸ்கட்டாகத்தான் இருந்தது. டின்னில் கடைசிவரை பொத்தான்.

1 மார்ச்

திருச்சிக்காரர் ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருக்கிறார், திருச்சி வானொலியை மட்டம் தட்டுகிறேனாம். இல்லை ஐயா. எங்கள் ஜில்லாவில் ஏடிடி 27 என்ற நெல்லை வயல்காட்டில் யாரும் அந்தப் பெயரில் சொல்ல மாட்டார்கள். ரேடியோ நெல் என்பார்கள். அறுபதுகளில் உங்கள் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லிப் பரப்பிய நெல் அது. என் மாமா அதைப் போட்டு வீடு கட்டினார். சிலோன் ரேடியோவால் எங்கள் வீட்டில் ஒரு செங்கல்கூட ஏறவில்லை. இது போதுமா?

மாமா வீட்டில் பெட்டி ஒன்றுதான். சாயங்காலம் வயலும் வாழ்வும் முடிகிற வரை அத்தைக்குப் பாட்டு கிடையாது. முடிந்த நொடியில் அத்தை கை திருகுக்குப் போகும். மாமா, "அந்தப் பக்கம் போயாச்சா" என்பார்.

3 மார்ச்

இசையும் கதையும் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழுதவில்லை. நேயர்கள் எழுதி அனுப்புகிற கதை, நடுநடுவே பொருத்தமான சினிமாப் பாட்டு. நான் கேட்டவரை கதையில் பாதிக்கு மேல் காதல் தோல்வி. காசநோய், வெளிநாட்டுப் பயணம், முறைமாமன், இந்த மூன்றில் ஒன்று வந்து பிரித்துவிடும். காஜா எடுத்துக்கொண்டே அழுதிருக்கிறேன்.

நானும் ஒன்று எழுதி அனுப்பினேன். அயல்நாட்டுத் தபால்தலை ஒட்ட ஒரு வாரச் சம்பளம் போனது. கதை வரவில்லை, நியாயம்தான், அதில் நாயகி இரண்டு தடவை செத்துப்போகிறாள். ஆனால் கூடவே அனுப்பியிருந்த விருப்பப் பாட்டுச் சீட்டு வந்துவிட்டது. நான் அன்று நூல்கண்டு வாங்க அதிராம்பட்டினம் போயிருந்தேன். திரும்பி வந்தால் தெருவே சொல்கிறது, உன் பெயர் வந்தது என்று. பாய் மட்டும், "பேரு வந்துச்சுடா, ஆனா இனிஷியல தப்பா சொல்லிட்டாங்க" என்றார். ஒருவேளை அது வேறு யாரோ.

6 மார்ச்

"1983-க்குப் பிறகு என்ன ஆயிற்று" என்று கேட்டவருக்கு.

அந்த ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகும் கடையில் முள் அங்கே நின்றது, ஆனால் பாட்டுக்காக இல்லை. பாயின் அண்ணன் கடை என்ன ஆயிற்று என்று தெரிய மூன்று வாரம் ஆயிற்று. பாட்டு போட்டார்கள், வாழ்த்துச் சொன்னார்கள், ஊரில் என்ன நடக்கிறது என்பது மட்டும் அதில் வரவில்லை. அதற்கு ராத்திரி ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசை. மணிலாவிலிருந்து வரும் வேரித்தாஸ் வானொலி. அரசாங்க வானொலி என்றால் என்ன என்று எனக்கு அந்த மாதம்தான் உறைத்தது. அதுவரை அது யாருடைய வானொலி என்று நான் யோசித்ததே இல்லை. அதைச் சொல்லாமல் இந்த இழையில் பூ மட்டும் தூவிக்கொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை.

அறிவிப்பாளர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். கே. எஸ். ராஜா 1989-ல் கொல்லப்பட்டார். செய்தி கேட்டபோது நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். பக்கத்து மிஷினில் இருந்த தூத்துக்குடிப் பையன் வேலையை நிறுத்திவிட்டு, திரைவிருந்தில் அவர் பேசுவது போலவே ஒரு நிமிஷம் பேசிக் காட்டினான். ராஜேஸ்வரி சண்முகம் 2012-ல் போனார்.

9 மார்ச்

நேற்று ஒருவர், ரூபவாஹினி பற்றி எழுதாமல் இந்த இழை முடியக்கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறார். எழுதுகிறேன். 1982-ல் அங்கே ரூபவாஹினி என்ற அரசாங்க டிவி வந்தது. எங்கள் கடற்கரை ஊர்களில் தென்னை மரத்தோடு போட்டி போட்டு ஆன்டெனா ஏற்றினார்கள். நம் டிவி எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும் முன்பே அவர்கள் தமிழ்ப் படம் போட்டுவிட்டார்கள். காற்று மாறினால் படத்தில் எறும்பு. ஒருவர் மொட்டை மாடியில் குழாயைத் திருப்ப, ஒருவர் கீழிருந்து "இன்னும், இன்னும், போதும்" என்று கத்த வேண்டும். ரேடியோவில் அந்தத் தொல்லை இல்லை. முடிந்தது.

9 மார்ச், சேர்க்கை

சுராங்கனியை எப்படி மறந்தேன்? ஏ. ஈ. மனோகரன் பாடியது. சினிமாப் பாட்டே இல்லை, இலங்கைப் பொப். தமிழும் சிங்களமும் கலந்து வரும். எழுபதுகளில் தமிழ்நாட்டில் கல்யாண வீட்டு மைக் செட்டில் அது இல்லாத ஊர் இல்லை. இந்தக் கேள்வி கேட்ட தம்பிக்கு இதுதான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய பதில். அதே சினிமாப் பாட்டுதானே என்றீர்களே, இது வேறு எங்கிருந்து வந்திருக்கும்? பாயின் மிஷின் மிதி அந்தத் தாளத்துக்கு மாறிவிடும், தையல் நீளம் நீளமாக விழும். அன்றைக்குத் தைத்த சட்டைகள் ஊரில் சீக்கிரம் பிரிந்தன.

17 மார்ச்

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு டப்பா நிறைய கேசட், மேலே "சிலோன் 79", "சிலோன் 80" என்று எழுதியிருக்கிறதாம். எப்படிக் கணினியில் ஏற்றுவது என்று கேட்கிறார். இரண்டு வாரமாக வாலிபம், ஏக்கம் என்று எங்களைக் கிண்டல் செய்தவர்.

உடனே போட்டு ஓட்டாதீர்கள். வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த கேசட்டைத் தனியாக எடுத்து வையுங்கள், அதைப் போட்டால் ஹெட்டுக்கும் ஒட்டும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். மற்றதை நடு ஓட்டையில் பேனா விட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். ஓடுகிறதா, இறுகி நிற்கிறதா என்று தெரிந்துவிடும். வாயில் நாடாவுக்குப் பின்னால் சின்னப் பஞ்சு ஒன்று இருக்கும், அந்தக் காலத்துக் கேசட்டில் அது கழன்று விழுந்திருக்கும், அது இல்லாவிட்டால் சத்தம் மங்கிப்போகும். வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். இறுகியிருந்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை மெதுவாக ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு பதியுங்கள். டெக்கின் இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர், அவ்வளவுதான். நல்ல டெக் இல்லையென்றால் சொல்லுங்கள், என்னிடம் ஒன்று ஓடுகிறது.

பதிந்த பிறகு பாட்டுகளை மட்டும் தனித்தனியாக நறுக்கி வைப்பார்கள், பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். செய்யாதீர்கள். பாட்டு யூடியூபில் இதைவிடச் சுத்தமாகக் கிடக்கிறது. நடுவில் வரும் பல்பொடி விளம்பரத்தையும், நேரம் சொல்கிறதையும், யார் யாருக்கோ பிறந்தநாள் என்கிற பட்டியலையும் அப்படியே விட்டுவிட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.